செய்தியும் ஜாமீனும்: மும்பை வீட்டுத் தரகும் இணைய விளம்பரமும்

வீடு தேடுகிறவருக்கும் வீட்டை உடையவருக்கும் நடுவே மூன்றாவது மனிதர் ஒருவர் வேண்டுமா, வேண்டுமாயின் அவர் செய்யும் காரியம் என்ன, அந்தக் காரியத்துக்கு அவர் பெறும் கூலி நியாயமானதுதானா என்னும் வினா, பெருநகரங்களில் தலைமுறை தலைமுறையாக விடை கூறப்பட்டும் தீராமல் நின்று வருவது. இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வீட்டு விளம்பரங்கள் செய்தித்தாளின் பொடி எழுத்துப் பத்திகளை விட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்தபோது, இவ்வினாவுக்கு முடிவான விடை கிடைத்துவிட்டதாகவே பலர் கருதினர். தகவல் எல்லோர் கைக்கும் எட்டிய பின் தரகருக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். ஆயினும் இன்று மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ வீடு மாறுகிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், அலைபேசித் திரையில் தொடங்கிய தேடல் பெரும்பாலும் ஒரு தரகரின் வாசலில்தான் முடிகிறது என்று அறியலாம். இந்த நிலைமைக்குக் கூறப்படும் காரணங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றின் தோற்றத்தையும் வலுவையும் குறையையும், தமிழர் செறிந்து வாழும் இம்மூன்று பேட்டைகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் உத்தேசம்.

இணையத்துக்கு முந்திய காலம்

1896இல் பம்பாயைப் பிடித்த பிளேக் நோயின் விளைவாக 1898இல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்ட், தீவின் வடபகுதியில் தாதர், மாட்டுங்கா, சயான் பிரதேசங்களில் மனைகளை வகுத்துத் தெருக்களையும் தோட்டங்களையும் திட்டமிட்டது. 1920களிலும் 30களிலும் அங்கே எழுந்த மாடிக் கட்டடங்களில், கழிவறையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த பிளாட்டுகளில், கோட்டைப் பகுதி அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் வேலைபார்த்த தென்னிந்தியர் குடியேறிய வரலாற்றை, நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ரயிலை விட்டு இறங்கிய இளைஞர் முதலில் ஒரு மெஸ்ஸிலோ உறவினர் வீட்டுக் கூடத்திலோ தங்குவார். பிறகு அலுவலகத்து மூத்தவரோ, பஜனை மண்டலியில் பழகியவரோ, 1932இல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற ஸ்தாபனங்களின் வட்டத்தில் அறிமுகமானவரோ, இன்ன கட்டடத்தில் இன்ன மாடி காலியாகிறது என்று சொல்வார். அவ்வாறு சொன்னவரே, 'இந்தப் பையன் நம்மவன், மாதம் தவறாமல் வாடகை கொடுப்பான்' என்று கட்டட உரிமையாளரிடம் பொறுப்பும் ஏற்பார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டைப் பற்றிய செய்தியும் ஆளைப் பற்றிய ஜாமீனும் அந்நாளில் ஒருவர் வாயிலிருந்தே வந்தன. இரண்டையும் பிரித்து விலைபேச எவருக்கும் தோன்றவில்லை. பின்வந்த மாறுதல்கள் யாவற்றையும், இவ்விரண்டும் படிப்படியாகப் பிரிந்த கதையாகக் கொண்டால் பல சிக்கல்கள் தெளிவாகின்றன என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

தொழில்முறைத் தரகர் செழித்ததற்கு வாடகைக் கட்டுப்பாடு பெரும் காரணம். யுத்த காலத்தில் தொடங்கி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்ற கட்டுப்பாடு, குடியிருந்தவர்களுக்குப் பெரும் பாதுகாப்பளித்தது; ஆனால் காலி வீடு என்பதே அரிதாயிற்று. வாடகையை உயர்த்த முடியாத உரிமையாளரும், வீட்டை விட மனமில்லாத குடித்தனக்காரரும், உள்ளே வர விரும்பிய புதியவரும் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடே பகடி. முன்பணமாகப் பெருந்தொகை கைமாறும். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் ஆகையால் ரசீது இராது. குற்றமான ஒரு பேரத்தை விளம்பரப்படுத்த இயலாது. அங்கே நம்பகமான இடையாளர் இன்றியமையாதவர் ஆகிறார். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தகைய முன்பணத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஆனால் அதற்குள் அரை நூற்றாண்டு கழிந்து, செவிவழிச் செய்தியே சந்தையாக உறைந்துவிட்டது. இடையே 1973இல் செய்யப்பட்ட திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் தேதி உரிமத்தின்பேரில் குடியிருந்தவர்களைக் குடித்தனக்காரராகவே அங்கீகரித்ததால், உரிமையாளர்களின் அச்சம் பன்மடங்காயிற்று. பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் மும்பையின் அன்றாட வழக்கமாக வேரூன்றியதில் அந்த அச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பதினொரு மாதத்துக்கொரு முறை வீடு தேடும் ஒரு ஜனத்தொகை இருக்கும்வரையில், தேடித்தருகிற தொழிலுக்கும் குறைவிராது.

தரகர் வேண்டாம் என்னும் கட்சி

இணையம் வந்தபோது எழுந்த முதல் வாதம் பொருளாதார சாஸ்திரத்தின் துணையோடு எழுந்தது. ஒரே பொருளுக்கு ஒரே ஊரில் பல விலைகள் வழங்குவது வாங்குவோரின் அறியாமைக்கு அடையாளம் என்றும், தேடுவதற்கு ஆகும் செலவே அந்த அறியாமையை நிலைக்கச் செய்கிறது என்றும் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961இல் எழுதியிருந்தார். தேடும் செலவு குறைந்தால் தரகரின் கூலிக்கு ஆதாரமே இராது என்பது அதிலிருந்து எளிதில் பெறப்படும் முடிவு. 2005இல் 99ஏக்கர்ஸும் அடுத்த ஆண்டு மேஜிக்பிரிக்ஸும் தோன்றின. 2012இல் பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்கள் சேர்ந்து மும்பையில் தொடங்கிய ஹவுசிங்.காம், தன் ஆட்களையே வீடுவீடாக அனுப்பிப் படமெடுத்து வரைபடத்தில் பொருத்திக் காட்டியது. 2014இல் தொடங்கிய நோபுரோக்கர், தன் பெயரிலேயே கொள்கையைப் பறைசாற்றியது. ஒரு மாத வாடகையைத் தரகுக் கூலியாகக் கொடுத்துப் பழகிய நகரத்துக்கு இவை விடுதலையாகவே தோன்றின. அந்த மகிழ்ச்சியை அற்பமென்று தள்ள இயலாது. ஐம்பதினாயிரம் ரூபாய் வாடகைக்கு வீடு பிடிக்கும் குடும்பத்துக்கு, வைப்புத்தொகையும் பெயர்ச்சிச் செலவும் போக, இன்னோர் ஐம்பதினாயிரம் மிச்சமாவது சிறிய காரியமன்று.

இக்கட்சிக்கு மேல்நாட்டு ஆராய்ச்சிகளும் ஓரளவு துணை நிற்கின்றன. ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோ வட்டார வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஏறத்தாழ 3.7 சதவீதம் அதிக விலை பெறுவதையும், அதற்காகச் சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருப்பதையும் கண்டனர். பிறர் வீட்டை விற்கையில் அந்தப் பொறுமை தரகரிடம் காணப்படுவதில்லை என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு ஹெண்டல், நெவோ, ஓர்தலோ-மான்யே மூவரும் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், உரிமையாளர் நேரடியாக விற்கும் இணையதளத்தையும் தரகர்களின் பொதுப்பட்டியலையும் ஒப்பிட்டு, தரகர் வழியாக விற்றவர்க்கு அதிக விலை கிடைக்கவில்லை, விரைவாக விற்பனை மட்டும் நடந்தது என்று முடிவு கண்டனர்.

ஆனால் இவ்வாதத்தின் குறை, மேடிசனையும் மும்பையையும் ஒன்றாகப் பாவிப்பதில் இருக்கிறது. அங்கே வீட்டின் உரிமைப் பத்திரமும் பரப்பளவும் ஐயமற்றவை, விலைதான் பேரத்துக்குரியது. இங்கே விலைக்கு முன்பே ஐயங்கள் தொடங்கிவிடுகின்றன. மாட்டுங்காவின் பழைய கட்டடம் பகடியா சொந்தமா, பழுதுபார்ப்புக்கான செஸ் வரி செலுத்தும் கட்டடமா, புனர்நிர்மாணத்துக்குச் சம்மதம் கையெழுத்தாகிவிட்டதா, சொசைட்டி ஆட்சேபமின்மைச் சான்று (என்.ஓ.சி.) கொடுக்குமா, செயலாளர் எப்படிப்பட்டவர்: இவை எவற்றுக்கும் வரைபடத்தில் இடமில்லை. தேடும் செலவு குறைந்தது உண்மை. நம்பும் செலவு குறையவில்லை. தரகரை விலக்கவென்று தோன்றிய ஸ்தாபனங்களே நாளடைவில் கட்டணத் திட்டங்களை வகுத்து, உரிமையாளரோடு பேசவும் வீட்டைக் காட்டவும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரவும் உதவியாளர்களை அமர்த்தியிருப்பது, அந்தக் காரியங்களுக்குத் தேவை இருக்கிறது என்பதற்கே சான்று.

விளம்பரமே தொழில் என்னும் கட்சி

இரண்டாம் கட்சி தரகர்களுக்குள்ளிருந்தே எழுந்தது. இணையம் தரகரை ஒழிக்காது, இணையத்தை அறியாத தரகரைத்தான் ஒழிக்கும் என்பது அதன் சித்தாந்தம். தேடுபொறியில் 'செம்பூர் 2 பி.எச்.கே.' என்று தட்டுகிறவரின் கண்ணில் முதலில் படுவது எப்படி, கூகுள் வரைபடத்தில் தம் அலுவலகத்துக்கு நல்ல மதிப்புரைகளைச் சேர்ப்பது எப்படி, வாட்ஸ்அப்பில் நாள்தோறும் பட்டியல் அனுப்புவது எப்படி, இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வீட்டினுள் நடந்தபடியே காணொளி எடுப்பது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சிகள் பெருகியுள்ளன. சிறிய தரகருக்கு இவற்றால் அனுகூலம் உண்டு என்பதை மறுப்பது நியாயமாகாது. ஸ்டேஷன் ரோட்டில் கடை வாடகை கொடுக்க இயலாத ஓர் இளைஞர், ஓர் அலைபேசியோடு இத்தொழிலில் இறங்கி, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உரிமையாளர்களின் நம்பிக்கையைப் பெற முடிகிறது.

எனினும் இந்த ஏற்பாட்டின் பொருளியலைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். இணையதளத்தின் வருமானத்தில் பெரும்பங்கு பில்டர்களும் தரகர்களும் செலுத்தும் விளம்பரக் கட்டணமே. பணம் கூடக் கொடுத்தவரின் வீடு பட்டியலில் மேலே ஏறுகிறது. வீடு தேடுகிறவர் ஒரு படத்தைத் தொட்டுத் தம் எண்ணைப் பதிந்த கணத்தில், அந்த எண் தொழில்வட்டார வழக்கில் 'லீட்' என்னும் சரக்காகிப் பலர் கைக்குச் செல்லக்கூடும். பிறகு வரும் அழைப்புகளின் தொல்லை மும்பைவாசிகள் நன்கறிந்தது. அமெரிக்காவில் உள்ளதுபோல் ஒரு வீட்டுக்கு ஒரே பதிவு என்னும் பொதுப்பட்டியல் நம் நாட்டில் வேரூன்றவில்லை. ஆகவே ஒரே பிளாட்டைப் பல தரகர்கள் வெவ்வேறு விலையில், வெவ்வேறு பரப்பளவில், சில சமயம் வேறு வீட்டின் படத்தோடுகூட வெளியிடுவது சகஜமாகிறது. எப்போதோ போய்விட்ட வீட்டின் விளம்பரத்தை வேண்டுமென்றே நீக்காமல் வைத்து, அழைத்தவரிடம் 'அது நேற்றுத்தான் முடிந்தது, இன்னொன்று இருக்கிறது' என்று வேறிடம் அழைத்துச் செல்வதும் பழகிப்போன உபாயம். நல்ல சரக்கையும் கெட்ட சரக்கையும் வாங்குவோர் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல சரக்கு விலகிப்போய்விடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல், பழைய மோட்டார் கார்களை உதாரணம் காட்டி விளக்கினார். உண்மையான பரப்பையும் உண்மையான விலையையும் வெளியிடும் தரகரின் விளம்பரம், மிகைப்படுத்தியவரின் விளம்பரத்துக்கு அடியில் கிடப்பது அந்த விளக்கத்துக்கு நேர்ப்பொருத்தமானது. விளம்பரத் திறமையைக் கற்பிப்பவர்கள் இதற்கு விடை கூறுவதில்லை. அவர்களுடைய அளவுகோல் எத்தனை பேர் அழைத்தார்கள் என்பது. அழைத்தவர்களில் எத்தனை பேர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள் என்பதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை.

ஒரு விளம்பரத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

செம்பூரில் ஒரு புதிய கட்டடத்துக்கு வழக்கமாக வெளிவரும் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 'விசாலமான இரண்டு படுக்கையறை, பாந்திரா–குர்லா வளாகத்துக்கு (பி.கே.சி.) பத்து நிமிடம், மோனோ ரயிலுக்கு அருகில், ஈஸ்டர்ன் ஃப்ரீவே இணைப்பு, இன்னும் சில வீடுகளே மீதம்.' இதில் எதுவும் முற்றிலும் பொய்யன்று. 2013இல் ஃப்ரீவேயும், 2014இல் மோனோ ரயிலும் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையும் வந்தபின், செம்பூரின் மதிப்பு உயர்ந்தது மெய்யே. ஆனால் பத்து நிமிடம் என்பது எந்த மணிக்கு? மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் செல்கிறவர் அந்தக் கணக்கை ஒப்பமாட்டார். 'விசாலம்' என்பது எத்தனை சதுர அடி கார்ப்பெட்? 2016ஆம் ஆண்டு மத்திய மனைத்துறை ஒழுங்குமுறைச் சட்டம், வெளிச்சுவர்களும் பால்கனியும் நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்பையே கார்ப்பெட் ஏரியா என்று வரையறுத்த பிறகும், பொதுப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிடும் சூப்பர் பில்ட்-அப் என்னும் பழைய பெருக்கல் பேச்சுவழக்கில் உலவுகிறது. மாஹுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் அங்கிருந்து எவ்வளவு தூரம்? மாஹுலில் குடியமர்த்தப்பட்ட ஏழைக் குடும்பங்கள் காற்றின் கேட்டைக் குறித்து நீதிமன்றம்வரை சென்று, 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் எவரையும் அங்கே குடியேறும்படி நிர்ப்பந்திக்கலாகாது என்று கூறிய வரலாறு இருக்க, அதே வட்டாரத்து விளம்பரத்தில் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இராது. 'இன்னும் சில வீடுகளே' என்பதற்கும் ஆதாரம் கேட்க வேண்டியிருக்கிறது. பொய்யான அவசரத்தைத் தூண்டுவதையும், ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்பதையும், விளம்பரத்தைச் செய்திபோல் வேடமிட்டுக் காட்டுவதையும், 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்யப்பட்ட பதின்மூன்று தந்திரங்களுள் சேர்த்திருக்கின்றன.

விளம்பரத்தின் குற்றம் பெரும்பாலும் சொன்னதில் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. சொல்லாததைத் தண்டிக்கும் சட்டம் செய்வது எளிதன்று.

சட்டத்தின் கட்சி

மூன்றாவது விடை, தரகரை ஒழிக்கவும் வேண்டாம், அவர் போக்கில் விடவும் வேண்டாம், பதிவு செய்து பொறுப்பாளியாக்குவோம் என்பது. 2016இல் நிறைவேறி 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மனைத்துறை ஒழுங்குமுறைச் சட்டம், பொதுவழக்கில் ரேரா, இந்நோக்கில் இயற்றப்பட்டது. பதிவு பெறாத திட்டத்தை விளம்பரம் செய்வதையே அது தடைசெய்கிறது. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டமடைந்தவருக்கு பில்டர் ஈடு தரவேண்டும் என்கிறது. பதிவு பெறாமல் தரகு செய்கிறவருக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய், உச்ச அளவாக அந்த வீட்டின் விலையில் ஐந்து சதவீதம்வரை அபராதம் விதிக்கிறது. தர உத்தேசமில்லாத சேவையை விளம்பரப்படுத்துவதும் முறையற்ற வியாபாரம் என்றே கொள்கிறது.

மகாராஷ்டிர ஆணையமான மகாரேரா இதில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்று சொல்வது மிகையாகாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் திட்ட விளம்பரம் ஒவ்வொன்றிலும் கியூ.ஆர். குறி இடம்பெறவேண்டும் என்று அது உத்தரவிட்டது. அலைபேசியை அந்தக் குறியின்மேல் காட்டினால் அனுமதிகள், வழக்குகள், முடியும் தேதி ஆகியவை ஆணையத்தின் பக்கத்தில் தெரியவரும். அவ்வாண்டிலேயே தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டன. விளம்பரத் தரக் கவுன்சிலோடு கூடி இணைய விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. செய்தியோடு ஜாமீனை மறுபடியும் இணைக்கும் முயற்சியாகவே இவற்றைக் கருத வேண்டும். பழைய மாட்டுங்காவில் உறவினர் ஏற்ற பொறுப்பை இங்கே பதிவெண் ஏற்க முற்படுகிறது. இக்கட்டுரையாளரின் மதிப்பீட்டில், இதுவரை கூறப்பட்ட விடைகளுள் இதுவே உறுதியானது.

அதன் எல்லையையும் கூறத்தான் வேண்டும். சட்டத்தின் பார்வை பதிவுபெற்ற திட்டங்களின் விற்பனையின்மேல் விழுகிறது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளோடோ எழும் திட்டங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை. ஐம்பதாண்டு பழைய சொசைட்டி பிளாட் கைமாறினால் அதன் விளம்பரத்துக்குக் கியூ.ஆர். குறி ஏது? வாடகை வீடோ சட்டத்தின் எல்லைக்கே வெளியே நிற்கிறது. ஆக, புதுக் கட்டடங்கள் எழும் செம்பூரில் ரேராவின் நிழல் நன்றாக விழுகிறது, பழைய கட்டடங்களும் வாடகையும் மிகுந்த மாட்டுங்காவில் மெலிகிறது, தாராவியில் அறவே இல்லை. 'எந்த ஊடகத்தின் வழியாகவும்' இரு தரப்பாரை அறிமுகம் செய்பவர் என்று சட்டம் தரகரை வரையறுப்பதால், இணையதளமும் தரகர்தானா என்னும் வாதத்தை நுகர்வோர் தரப்பினர் எழுப்பியுள்ளனர். விளம்பரப் பலகையை வாடகைக்கு விட்டவர் அதில் பிறர் எழுதியதற்குப் பொறுப்பாவாரா என்பது எதிர்வாதம். ஆனால் வெறும் பலகை, பணம் பெற்று ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் அடுக்குவதில்லை. வந்து பார்த்தவரின் எண்ணைக் குறித்து விற்பதுமில்லை. இந்த வேற்றுமையை எதிர்வாதம் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

எவருக்கு வீடு என்னும் வினா

செய்தியும் ஜாமீனும் ஒன்றாயிருந்த பழைய முறையை இங்கே புகழ்ந்ததாக எவரேனும் கொண்டால், அதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'நம்மவன்' என்னும் சொல், நம்மவர் அல்லாதவரை வெளியே நிறுத்தும் சொல்லுமாகும். 1915இல் காம்தேவியில் தொடங்கிய சாரஸ்வத கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் முதலாக, பம்பாயின் கூட்டுறவு வீட்டு இயக்கம் சமூக அடிப்படையிலேயே வளர்ந்தது. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், ஒரு சமூகத்தார்க்கே உறுப்புரிமை என்னும் சங்க விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முகம் காணாத இணையம் இந்தப் பேதத்தைக் குறைக்கும் என்பது ஒரு நம்பிக்கை. அதற்குக் கிடைத்துள்ள சான்றுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. சுகதேவ் தோரட்டும் சகாக்களும் தில்லி வட்டாரத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வீடு மறுக்கப்படுவதையும் கூடுதல் வாடகைக்கு உட்படுவதையும் காட்டியது. தில்லியிலேயே சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் ஓர் இணையதள விளம்பரங்களுக்கு வெவ்வேறு சமூகப் பெயர்களில் விண்ணப்பித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், முஸ்லிம் பெயருக்கு உரிமையாளர்களின் மறுமொழி குறைந்தது தெளிவாயிற்று. ஜாதி பேதத்துக்கு அத்தகைய தெளிவான சான்று அந்த முதற்கட்டத்தில் கிடைக்கவில்லை. பேதம் அகன்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அழைப்புக்குப் பின் வீட்டைப் பார்க்கும் நேரத்திலும், சொசைட்டியின் நேர்காணலிலும் நடப்பதை அந்த ஆய்வுமுறை அளக்காது. மும்பை விளம்பரங்களில் 'குடும்பத்தாருக்கு மட்டும்', 'சைவ உணவினர் விரும்பத்தக்கது' என்னும் நிபந்தனைகள் வெளிப்படையாகவே காணப்படுகின்றன. வெளியே எழுதப்படாதது தரகர் வாயால் அலைபேசியில் சொல்லப்படுகிறது. பேதத்தைச் செயல்படுத்தும் கருவியாகத் தரகர் பயன்படுகையில், விளம்பரத்தை மட்டும் திருத்துவதால் வரும் பலன் சொற்பமே.

தாராவி: விளம்பரம் எட்டாத சந்தை

இதுகாறும் கூறிய கட்சிகள் மூன்றும் தாராவியின் எல்லையில் வந்து தயங்கி நிற்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களும் அவர்கள் சந்ததியாரும் தலைமுறைகளாக வாழும் இப்பேட்டையில், நூறு சதுர அடி ரூமும் கிரயத்துக்கும் வாடகைக்கும் ஹெவி டெபாசிட்டுக்கும் வருகிறது. ஹெவி டெபாசிட் என்பது நம் ஊர் ஒத்தியைப் போன்றது: பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. இங்கே பெரிய இணையதளங்களின் வரைபடம் 90 அடி ரோட்டோடு நின்றுவிடுகிறது எனலாம். உள்ளேயுள்ள சால்களையும் சந்துகளையும் அது அறியாது. மளிகைக்கடைச் சுவரில் ஒட்டிய 'ரூம் வாடகைக்கு' என்னும் தாளும், அதைப் படமெடுத்து அனுப்பும் வாட்ஸ்அப் குழுவும், எந்த ரூமில் தண்ணீர் எந்நேரம் வரும் என்பதுவரை அறிந்த உள்ளூர் ஏஜென்ட்டுமே இங்கே விளம்பர ஸ்தாபனம். பேரம் முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தத்தோடும் அதிகாரப் பத்திரத்தோடும் முடிகிறது. நிலம் விற்பவருடையதன்று ஆகையால் முறையான கிரயப் பத்திரத்துக்கு இடமில்லை.

தாராவிப் புனரமைப்புத் திட்டம் இந்நிலையை மேலும் சிக்கலாக்கியிருக்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் திட்டத்தைப் பெற்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2011 ஜனவரி 1க்குள் வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி வீடு தாராவிக்கு வெளியே. பின்வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் வாடகைமுறை வீடு, அதுவும் வெளியே. ஆகையால் தாராவி ரூமை வாங்குகிறவர் உண்மையில் விலைகொடுப்பது அந்த நான்கு சுவருக்கன்று, தேதியிட்ட பழைய மின்ரசீதுக்கும் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயருக்கும் சர்வே எண்ணுக்கும். அவை விற்றவரின் பெயரில் உள்ளவை. அந்தப் பாத்தியதை வாங்கியவருக்குச் செல்லுமா என்பது ஆணைகளின் வாசகத்தையும் அதிகாரியின் தீர்மானத்தையும் பொறுத்தது. முப்பது விநாடிக் காணொளி ஒன்று 'ரீடெவலப்மென்ட்டில் வீடு நிச்சயம்' என்று கூறுமானால், அதைக் கேட்டு வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கும் குடும்பத்துக்குக் கியூ.ஆர். குறியும் இல்லை, முறையிட ரேராவும் இல்லை. மிக மெலிந்தவர்கள் வாங்கும் இடத்தில் விளம்பரத்துக்கு மிகக் குறைந்த பொறுப்பு என்பது இத்துறையின் ஆகப்பெரிய குறை.

இதற்கு மாறாக, தாராவியின் ஏஜென்ட் அதே சந்தில் குடியிருப்பவர், ஏமாற்றினால் மறுநாள் முகத்தில் விழிக்க முடியாது, ஆகையால் பழைய ஜாமீன் முறை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது என்று சிலர் வாதிக்கின்றனர். இதில் உண்மை உண்டு. ஆனால் வாங்குகிறவரும் அதே சந்தினராக இருக்கும்வரையில்தான் அந்தக் கட்டு செல்லும். காணொளியைப் பார்த்துவிட்டுக் கோவண்டியிலிருந்தோ கல்யாணிலிருந்தோ வருகிறவருக்கு அந்தச் சமூகக் கட்டினால் பயனில்லை.

தீராமல் நிற்பவை

இணையம் செய்தியை மலிவாக்கியது. ஜாமீனை மலிவாக்கவில்லை, சில இடங்களில் அரிதாக்கியும் விட்டது. தரகரின் எதிர்காலம் காணொளித் திறமையைவிட, தாம் வெளியிட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் பெயரோடும் எண்ணோடும் பொறுப்பேற்பதில் அடங்கியிருக்கிறது என்று துணிந்து கூறலாம். ஆனால் அந்தப் பொறுப்பை எந்த ஏற்பாடு வாங்கித்தரும் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஒரு வீட்டுக்கு ஒரே பதிவு என்னும் பொதுப்பட்டியல் வேண்டும் என்பார் உளர். அது வந்தால் இரட்டிப்புப் பதிவுகளும் இல்லாத வீடுகளும் ஒழியும். ஆனால் அத்தகைய பட்டியலைக் கையில் வைத்திருந்த அமெரிக்கத் தரகர் சங்கம், கூலியைச் செயற்கையாக உயர்த்தி வைத்ததாகத் தொடரப்பட்ட வழக்குகளில் 2024இல் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்ய நேர்ந்தது. பட்டியல் எவர் கையில் இருக்க வேண்டும் என்பது பட்டியல் வேண்டுமா என்பதைவிடக் கடினமான வினா. மகாராஷ்டிரப் பதிவுத்துறை, பதிவான ஆவணங்களின் இண்டெக்ஸ்-2 என்னும் சுருக்க விவரத்தை இணையத்தில் தேட வழிசெய்திருக்கிறது. ஒரு கட்டடத்தில் முன்பு நடந்த கிரயங்களின் விலையை விளம்பரத்தின் பக்கத்திலேயே காட்டும்படி செய்தால், மிகை விலை பெரிதும் அடங்கக்கூடும். ஆனால் பத்திரத்தில் எழுதிய விலையும் கைமாறிய விலையும் எந்த அளவு ஒன்றாயிருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

வாடகைத் தரகரைப் பதிவு வட்டத்துக்குள் கொண்டுவருவது இவற்றினும் அவசரமானது என்று தோன்றுகிறது. மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது ஏற்கெனவே கட்டாயம், அதை இணையத்திலேயே செய்யவும் வசதி உண்டு. அந்தப் படிவத்தில் தரகரின் பெயருக்கும் பதிவெண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்குவது பெரிய நிர்வாகச் சீர்திருத்தமன்று. தாராவி போன்ற இடங்களுக்கு அதுவும் போதாது. அங்கே சர்வேயின் முடிவுகள், ரூம்வாரியாக, வாங்க வருகிறவர் பார்த்துச் சரிபார்க்கும்படி தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் வெளியாக வேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. குடியிருப்போரின் விவரம் அவ்வாறு பகிரங்கமானால் மிரட்டியும் ஆசைகாட்டியும் அவர்களிடமிருந்து ரூம்களை வாங்கிக் குவிப்பவர்களுக்கு அதுவே ஆயுதமாகலாம் என்னும் ஆட்சேபமும் அதே அளவு நியாயமானது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இனி வரும் வழக்குகளில் நிர்ணயமாக வேண்டியிருக்கிறது.